வேலை தேடுகிறீர்களா? தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்

வேலை போய்விட்டது என்பதை வீட்டில் சொல்லவே பல நாள் தயங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. பழைய அலுவலகத்து ஆட்களிடம் அதைச் சொல்லி உதவி கேட்பது அவர்களுக்கு இன்னும் கடினம். இந்தக் கூச்சம் பல குடும்பங்களின் மாதங்களைத் தின்கிறது. ஆட்குறைப்புச் செய்திகள் ஓயாத இந்தக் காலத்தில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. இடைநிலை, மூத்த நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்களைத்தான் இது அதிகம் தொடும் என்றும் தெரிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நாற்பதை நெருங்குகிறார். வீட்டுக் கடனின் இ.எம்.ஐ. இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. கடைசியாக ரெசியூம் எழுதியது எப்போது என்பது அவருக்கே நினைவில்லை. அவர் முதலில் செய்வது நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் கண்ணில் படும் எல்லா வேலைக்கும் விண்ணப்பம் போடுவது. ஒரே விளம்பரத்துக்கு நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் குவிகின்றன. மென்பொருள் வடிகட்டிய பிறகு மிஞ்சுவதைத்தான் ஹெச்.ஆர். பார்க்கிறார். பதில் வருவதில்லை. வராத ஒவ்வொரு பதிலும், தன்னிடம்தான் ஏதோ குறை என்ற எண்ணத்தை அவருக்குள் வளர்க்கிறது.

அதே நேரம் அவருடைய செல்பேசியில் பழைய மேலாளர், முந்தைய புராஜெக்ட்டில் கூட இருந்தவர், வாடிக்கையாளர் தரப்பில் தினமும் பேசியவர், கல்லூரி சீனியர் என நூறு எண்களாவது இருக்கும். அவர்களில் ஒருவருக்குக்கூட அவர் செய்தி அனுப்பியிருக்க மாட்டார். அனுப்ப வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அப்படிக் கேட்பது மானக்குறைவும் அல்ல, குறுக்கு வழியும் அல்ல. கேட்க ஆளே இல்லாத நிலையில் பல லட்சம் இளைஞர்கள் இருக்கிறார்கள். நாம் கவலைப்பட வேண்டிய அநீதி அதுதான்.

ஓரளவு தெரிந்தவர்களே உதவுகிறார்கள்

வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சமூகவியலாளர்கள் அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில், புதிதாக வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாக ஊழியர்களை மார்க் கிரானோவெட்டர் விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகவே வேலை கிடைத்திருந்தது. அந்தத் தெரிந்தவரோடு அப்போது எவ்வளவு பழக்கம் என்பது அவருடைய அடுத்த கேள்வி. அடிக்கடி சந்திப்போம் என்றவர்கள் சுமார் 17 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்திப்போம் என்றவர்கள் 56 சதவீதம். மிக அரிதாகத்தான் பார்ப்போம் என்றவர்கள்கூட 28 சதவீதம் இருந்தார்கள். 1973இல் அவர் எழுதிய கட்டுரையும் அடுத்த ஆண்டு வந்த நூலும் இத்துறையில் இன்றும் அடிப்படைப் பாடங்கள்.

காரணம் எளிதானது. உயிர் நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரியும். அவரும் நாமும் ஒரே வட்டத்தில்தான் சுற்றுகிறோம். எப்போதோ பழகியவர் வேறு நிறுவனத்தில், வேறு ஊரில், வேறு ஆட்களோடு இருக்கிறார். நம் காதுக்கு எட்டாத செய்தி அவர் காதுக்கு எட்டுகிறது. தமிழ்நாட்டில் இதை நாம் நேரிலேயே பார்த்திருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோதும், மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோதும், ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, ஒரே ஷிப்ட் பேருந்தில் வீடு திரும்பியவர்கள் பெருந்திரளாக ஒரே காலத்தில் வேலை தேடுகிறவர்கள் ஆனார்கள். நெருங்கிய நட்பு அவர்களுக்கு ஆறுதல் தந்திருக்கும். வேலைச் செய்தி வெளியே இருப்பவரிடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

இது பழைய காலத்து ஆய்வு, இணைய காலத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு அதைத்தான் சோதித்தது. லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. ஓரளவு தெரிந்தவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்று அதிலும் தெரிந்தது. பெயரளவுக்கு மட்டுமே தெரிந்தவரும், மிக நெருங்கியவரும் அந்த அளவுக்கு உதவவில்லை. இன்னொரு நுணுக்கமும் அந்த ஆய்வில் உண்டு. கணினி சார்ந்த துறைகளில்தான் மேலோட்டமான பழக்கம் இவ்வளவு பயன்பட்டது. கணினி அதிகம் புழங்காத துறைகளில் நெருங்கிய பழக்கமே கூடுதலாக உதவியது. அம்பத்தூர் லேத் பட்டறையில் வேலை தேடுகிறவர், தன் கைவேலையை அருகில் இருந்து பார்த்த ஃபோர்மேனிடம் முதலில் சொல்வதே நல்லது. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை தேடுகிறவர் ஐந்து ஆண்டுக்கு முன்பு கூடப் பணியாற்றியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அவ்வளவு காலம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது கேட்டால் காரியவாதி என்று நினைக்க மாட்டார்களா? பெரும்பாலோரை நிறுத்துவது இந்தக் கேள்விதான். இதற்கும் ஆய்வுகளில் பதில் இருக்கிறது. பிறரிடம் நேராக ஓர் உதவி கேட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதை, கேட்கிறவர்கள் வழக்கமாக மிகக் குறைவாகவே கணிக்கிறார்கள் என்று ஃபிராங்க் ஃபிளின், வனெசா போன்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 2008இல் காட்டினார்கள். பல ஆண்டு தொடர்பு விட்டுப்போனவரிடம் மீண்டும் பேசி யோசனை கேட்ட நிர்வாகிகளுக்கு, தற்போது பழக்கத்தில் இருப்பவர்களிடம் கிடைக்காத புதிய தகவல்கள் கிடைத்தன என்கிறது 2011இல் வந்த மற்றோர் ஆய்வு. ஒன்றாக வேலை பார்த்த நினைவு எளிதில் அழிவதில்லை. ராத்திரி ரிலீஸில் விழித்திருந்து பிழையைக் கண்டுபிடித்தவரை, கூட இருந்தவர் மறப்பாரா?

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

கேட்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ‘ஹாய் சார், எப்படி இருக்கீங்க? ஏதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க’ என்று வரும் செய்திக்கு என்ன பதில் எழுதுவது? அனுப்பியவருக்கு என்ன வேலை தெரியும், எந்த ஊரில் வேண்டும், எப்போது சேர முடியும் என்று எதுவும் அதில் இல்லை. படித்தவர் ‘கண்டிப்பா சொல்றேன்’ என்று பதில் போடுவார். அத்தோடு அது முடிந்துவிடும். அவருக்கு மனம் இல்லாமல் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை.

இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘வணக்கம் மேடம். 2019-ல வங்கி புராஜெக்ட்ல உங்க டீம்ல டெஸ்டிங் பார்த்தேன். இந்த மாசத்தோட இப்போ இருக்கிற கம்பெனியில இருந்து விடுவிக்கிறாங்க. ஆட்டோமேஷன் டெஸ்டிங்ல 9 வருஷ அனுபவம். சென்னை, கோவை ரெண்டும் சரி, உடனே சேர முடியும். உங்க கம்பெனி தளத்துல ஒரு வேலை பார்த்தேன், ஜாப் ஐ.டி.யும் ரெசியூமும் இதோட இருக்கு. இந்த டீம் எப்படி, என் அனுபவம் பொருந்துமான்னு உங்களுக்குத் தோணுறதைச் சொன்னா போதும். பொருந்தும்னு நினைச்சா ரெஃபர் பண்ணுங்க. முடியலைன்னாலும் பரவாயில்லை, மேடம்.’ இதைப் படிப்பவருக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லலாம், ஐந்து நிமிடத்தில் ரெஃபர் செய்யலாம். மறுப்பதற்கும் வழி விட்டிருப்பதால் அவருக்குச் சங்கடம் இல்லை.

ரெஃபரல் எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களில் ஊழியர் தன் உள் தளத்தில் ஜாப் ஐ.டி.யைப் போட்டு, உங்கள் ரெசியூமைப் பதிவேற்றுகிறார். அதோடு அவருடைய பங்கு முடிகிறது. நேர்முகத் தேர்வு எல்லோருக்கும் போலத்தான். குவியலிலிருந்து உங்கள் ரெசியூம் எடுத்துப் பார்க்கப்படும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே. நீங்கள் சேர்ந்து சில மாதம் நீடித்தால் பல நிறுவனங்கள் அந்த ஊழியருக்கு ஊக்கத்தொகை தருகின்றன. ஆகவே நல்ல ஆளைப் பரிந்துரைப்பது அவருக்கும் நன்மையே. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. நீங்களே முந்திக்கொண்டு நேரடியாக விண்ணப்பித்துவிட்டால், குறிப்பிட்ட காலம்வரை உங்கள் பெயரில் ரெஃபரலை ஏற்காத நிறுவனங்கள் பல உண்டு. முதலில் தெரிந்தவரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.

நேரமும் முக்கியம். கடைசி வேலை நாளன்று மாலை லேப்டாப்பை ஒப்படைக்கும்போது அலுவலக மின்னஞ்சலும் டீம்ஸ் தொடர்புகளும் அதோடு போய்விடுகின்றன. பத்து ஆண்டுகள் தினமும் பேசியவரின் சொந்த எண் கையில் இல்லாமல் வெளியே வருகிறவர்கள் ஏராளம். நோட்டீஸ் காலம் தொடங்கிய அன்றே, கூட வேலை செய்தவர்களின் சொந்த எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் ஆவணங்களைத் தொடக்கூடாது. மனிதர்களின் எண்களை அவர்களிடமே கேட்டு வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை.

இது சிபாரிசு ஆகாதா?

இந்த வாதத்துக்கு வரும் எதிர்ப்புகளில் கனமானது இதுதான். ஆள் தெரிந்தால் வேலை, தெரியாவிட்டால் இல்லை என்ற நிலையை எதிர்த்து இந்த மண்ணில் பெரிய போராட்டங்கள் நடந்திருக்கின்றன. தேர்வும் மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் அரசு வேலைக்கான கதவை நம்மில் பலருக்குத் திறந்துவிட்டவை. அரசுப் பணிக்கு யார் மூலமாகவும் முயலக் கூடாது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. தனியார் வேலைக்கும் தகுதியற்ற ஒருவரைத் திணிக்கச் சொல்லி அதிகாரத்தில் இருப்பவர் கொடுக்கும் அழுத்தம் அநியாயமே.

ஆனால் கூட வேலை பார்த்தவர் ‘இவர் வேலையை நான் பார்த்திருக்கிறேன்’ என்று சொல்வது சாட்சியம். வேலைக்கு எடுப்பவருக்குத் தேவையான, வேறு எங்கும் கிடைக்காத தகவல் அது. சாட்சி சொல்பவருக்குப் பொறுப்பு இருக்கும்போது அவரும் யோசித்தே சொல்கிறார். கொல்கத்தாவில் லோரி பீமன், ஜெர்மி மக்ரூடர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் நடத்தி 2012இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பரிந்துரைக்கப்பட்டவர் வேலையை நன்றாகச் செய்தால் பரிந்துரைத்தவருக்குக் கூடுதல் பணம் என்று நிபந்தனை வைத்தபோது, மக்கள் உறவினர்களைக் குறைத்து, உடன் பணியாற்றியவர்களைக் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள்.

தெரிந்தவர் வழியை அடைத்துவிட்டால் மிஞ்சும் காகித விண்ணப்பம் நடுநிலையானது என்று நினைப்பதும் தவறு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒரே மாதிரித் தகுதிகொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு சமூகங்களைக் காட்டும் பெயர்களில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அடுத்த கட்ட அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு தெளிவாகக் குறைந்தது. பெயரைப் பார்த்தே ரெசியூம் ஒதுக்கப்படும் இடத்தில், ‘இவர் திறமையை நான் அறிவேன்’ என்று உள்ளே இருந்து ஒருவர் சொல்வது சமத்துவத்துக்கே துணைசெய்யும்.

எதிர்த் தரப்பின் வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. மும்பை தாதர் பகுதிக் குடும்பங்களை ஆராய்ந்த கைவான் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 2006இல் எழுதினார்கள்: உழைக்கும் சாதிகளின் ஆண்களுக்கு வேலை பிடித்துத் தந்த சாதி வலைப்பின்னலே, அவர்களின் மகன்களைப் பழைய தொழிலிலும் அதற்கேற்ற மராத்தி வழிக் கல்வியிலும் இருத்திவைத்தது. அந்த வலைப்பின்னலில் இடம் பெறாத மகள்கள் ஆங்கிலக் கல்விக்கு வேகமாக மாறினார்கள். சொந்த பந்தத்துக்குள்ளேயே கேட்டால், சொந்த பந்தம் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேருவோம். அதனால்தான் வேலையில் பழகியவர்களிடம், வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

யாரையும் தெரியாதவர்கள்

தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்கிறது 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. நாட்டின் சராசரி 28.4 மட்டுமே. இது நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. அதே எண்ணிக்கைக்குள், குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் பெற்றவர்கள் பெருந்திரளாக இருக்கிறார்கள். பட்டம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் வேலை செய்யும் மாமாவோ, அப்பாவின் நண்பரோ அவர்களுக்கு இல்லை. யாரிடம் கேட்பது என்று அவர்கள் கேட்டால் நியாயம்தானே?

அவர்களுக்கும் ஆட்கள் உண்டு. அவர்கள் அதைத் தொடர்பு என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டு மூத்த சீனியர், புராஜெக்ட் வழிகாட்டிய ஆசிரியர், இன்டர்ன்ஷிப்பில் வேலை சொல்லிக்கொடுத்தவர், பயிற்சி மையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்து இப்போது வேலையில் சேர்ந்துவிட்டவர் என எண்ணினால் இருபது பேராவது தேறுவார்கள். பிள்ளைப்பேற்றுக்காகவோ, வீட்டில் முதியவரைக் கவனிப்பதற்காகவோ வேலையை விட்டு, மீண்டும் சேர விரும்பும் பெண்களுக்கும் இதே பட்டியல் பொருந்தும். அவர்களைத் தடுப்பது ‘இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவள் எந்த முகத்தோடு கேட்பது’ என்ற எண்ணம். உடன் வேலை செய்தவருக்கு அந்த இடைவெளி பெரிதாகத் தெரிவதில்லை. ரெசியூமைப் படிக்கும் மென்பொருளுக்குத்தான் அது பெரிதாகத் தெரிகிறது. அவர்கள் ஆளிடம் கேட்க வேண்டிய காரணமே இதுதான்.

கேட்கும் அவசரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் போய் நின்றுவிடவும் கூடாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப்போய் மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் இளைஞர்களை ஒப்படைக்கும் முகவர்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. சிக்கியவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த நிறுவனத்தில் உண்மையிலேயே வேலை செய்யும் ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரிப்பதுதான் இதற்கும் பாதுகாப்பு.

என்ன செய்யலாம்

வேலை தேடுகிறவர் ஒரு நோட்டில் முப்பது பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்; ஒரே செய்தியை எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்தால் பெறுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். வேலை கிடைத்ததும், உதவ முயன்ற அனைவருக்கும், முயற்சி பலிக்காதவர்களுக்கும் சேர்த்து, அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும்.

கேட்கப்படுகிறவர் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுதினாலே, கேட்டவர் அடுத்த ஆளிடம் போவார். ‘பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மறந்துபோவது அவருடைய இரண்டு வாரத்தை வீணாக்குகிறது. நல்ல வேலையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும், தங்களுக்குச் சொந்தமோ ஊரோ அல்லாத ஓர் இளைஞருக்காவது ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நேரம் ஒதுக்கினால், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரின் அலைச்சல் குறையும்.

ஆட்குறைப்பு செய்யும் நிறுவனங்கள், வெளியேறுபவரின் வேலையைப் பற்றி அவருடைய மேலாளர் எழுத்தில் சொல்ல அனுமதிக்க வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி தவிர வேறெதையும் சொல்லக் கூடாது என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. திறமைக் குறைவுக்காக அல்லாமல் செலவைக் குறைக்க அனுப்பப்படுகிறவருக்கு அந்த விதி பெரும் தீங்கு.

கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பிரிவு இறுதியாண்டு மாணவரோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. படித்து முடித்து ஐந்து ஆண்டுகள் வரையிலாவது முன்னாள் மாணவர் அதை அணுக வழி வேண்டும். வெள்ளி விழாவுக்கும் நன்கொடைக்கும் மட்டும் கூடும் முன்னாள் மாணவர் சங்கங்கள், யார் எந்தத் துறையில் இருக்கிறார், ஜூனியர்களிடம் பேச யாருக்குச் சம்மதம் என்ற பட்டியலைத் தயாரித்துத் துறைவாரியாக மாணவர்களிடம் தரலாம். கிராமப்புறக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் இது மிகவும் அவசரம்.

அரசின் கையில் இரண்டு அமைப்புகள் தயாராக இருக்கின்றன. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சி தருகிறது. அதில் பயின்று வேலையில் சேர்ந்தவர்களை அடுத்த அணியினருக்கு அறிமுகப்படுத்தும் ஏற்பாட்டையும் அதில் சேர்க்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தருகின்றன. அதே அறையில் மாதம் ஒரு சனிக்கிழமை, அந்த மாவட்டத்திலும் அருகிலும் உள்ள ஆலை, மருத்துவமனை, ஐ.டி. நிறுவன ஊழியர்கள் நான்கைந்து பேரை அழைத்து உட்கார வைக்கலாம். வருகிறவர்களின் ரெசியூமை அவர்கள் படித்துப் பார்த்து, எதைத் திருத்த வேண்டும், அடுத்து யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லட்டும். வேலை தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை. வந்தவரின் பெயர், துறை, தொடர்பு எண், அவரை யாரிடம் அனுப்பினார்கள் என்ற நான்கு விவரங்களை அலுவலகம் குறித்துக்கொண்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் அது என்ன ஆனது என்று விசாரிக்க வேண்டும்.